களஞ்சியத் தூய்மையும் ஆகார தானமும்

(அட்சய திருதியை விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

ஆதிபகவனாகிய விருஷபதேவரின் திருவடிகளை வணங்கி இவ்வுரை தொடங்குகிறது. 

இந்நன்னாளின் வரலாறு எல்லா இல்லங்களிலும் சொல்லப்படுவதுதான். உலகுக்கு உழவையும் தொழிலையும் கற்பித்த பெருமான், துறவு பூண்டு ஆறு திங்கள் நோன்பிருந்தார். அதன்பின் ஆகாரத்தின் பொருட்டு ஊர் ஊராக எழுந்தருளினார். மக்கள் அன்பில் குறைந்தவர் அல்லர். பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொணர்ந்து அவர் முன் நிறுத்தினர். ஆனால் துறவிக்கு உணவளிக்கும் முறை அவர்களுள் ஒருவருக்கும் தெரியவில்லை. மேலும் பல திங்கள் கழிந்தன. அத்தினாபுரத்துச் சிரேயாம்சன் முற்பிறவி நினைவால் அம்முறையை உணர்ந்து, கரும்பின் சாற்றைப் பெருமானின் கைகளில் வார்த்தான். கொடுக்கும் மனம் நிறைந்திருந்தும், கொடுக்கும் முறை அறியாமையால் நாடே பெருமானைப் பட்டினியோடு நடக்கவிட்டது. இத்திருநாள் உணர்த்தும் பாடம் அதுவே.

உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரம், தானத்தின் சிறப்பு நான்கினால் வேறுபடும் என்கிறது. அவை கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், கொள்பவர் என்பன. இவற்றுள் இரண்டாவதாகிய பொருளை மட்டும் இவ்வுரை எடுத்துக்கொள்கிறது. அடுப்படித் தூய்மையைச் சமணக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. நீரை வடிகட்டுதலும், கதிரவன் மறையுமுன் உண்ணுதலும் குழந்தைகளும் அறிந்த ஒழுக்கங்கள். ஆனால் அரிசியும் கடலையும் உளுந்தும் அடுப்படிக்கு வருமுன் பல திங்கள் தங்கியிருந்த இடத்தில் அவற்றுக்கு நேர்ந்தது என்ன என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

நீர்வளமும் ஈரப்பகையும்

பாகூர், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது. பாகூர் ஏரியும் வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரியும், சங்கராபரணியும் தென்பெண்ணையும் இவ்வட்டாரத்துக்கு வாழ்வளிக்கின்றன. விளைவிக்கும் அந்நீரே விளைந்தபின் தானியத்துக்குப் பகையாகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. கடற்காற்றில் ஈரம் ஆண்டு முழுவதும் உண்டு. சொர்ணவாரி நெல் அறுவடையாகும் ஆவணி, புரட்டாசியில் மாலை மழையும், சம்பா அறுவடையாகும் தை, மாசியில் விடியற்காலைப் பனியும் களத்தை நனைக்கின்றன.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களைச் சூழ்ந்தது. அத்தகைய வெள்ளத்தில் நனைந்த மூட்டை தன் கேட்டைத் தானே காட்டிவிடும்; அது முளைவிடும், நாறும், எவரும் அதனை உண்ணமாட்டார். வெள்ளமே வராத ஆண்டில், கூரையின் கீழ்ப் பத்திரமாக அடுக்கிய, பாதி உலர்ந்த மூட்டை அதனினும் அஞ்சத்தக்கது. அதன் கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

முன்னாளில் நெல்லை அரிவாளால் அறுத்து, அரியாகப் போட்டு வயலிலேயே காயவிட்டனர். பின்பு கட்டாகக் கட்டி, களத்தில் அடித்து, தூற்றி, மீண்டும் வெயிலில் பரப்பினர். குதிருக்குச் செல்லுமுன் நெல் பல வெயில் கண்டது. இன்று அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் வயலை முடித்து நெல்லைக் கொட்டிவிடுகிறது. அந்நெல்லில் நூற்றுக்கு இருபது பங்கும் அதற்கு மேலும் ஈரம் இருக்கும். இயந்திரத்தைக் குறை கூறுவதில் பயனில்லை. ஆள் கிடைக்காத காலத்தில் உழவரைக் காத்தது அதுவே. ஆனால் பழைய முறைக்குள் சொல்லாமலே அடங்கியிருந்த உலர்த்துதல் என்னும் பணி, புதிய முறையில் எவருடைய பணியும் ஆகாமல் போயிற்று. களங்கள் பல மனைகளாக மாறிவிட்டமையால், நெல் சாலையோரத்தில் காய்கிறது. அல்லது காயாமலே மூட்டைக்குள் போகிறது.

உலர்த்துவோருக்கு எடை குறைவது மற்றொரு தடை. 75 கிலோ மூட்டையில் நூற்றுக்கு இருபது ஈரம் இருந்தால், 15 கிலோ நீரே ஆகும். அதனைப் பதினான்காகக் குறைத்தால் மூட்டை ஏறத்தாழ 70 கிலோவாகிவிடும். விற்பவர் மனத்தில் அந்த ஐந்து கிலோ இழப்பாகத் தோன்றுகிறது. அது நெல் அன்று, நீர் என்பதை உணர்ந்தால் உலர்த்துவதற்குத் தயக்கம் வாராது.

பூசணமும் அதன் நஞ்சும்

பூசண வித்துகள் மண்ணிலும் காற்றிலும் வைக்கோலிலும் எப்போதும் உள்ளன. அவற்றை ஒழிப்பது இயலாது. அவை முளைக்க இடம் தராதிருப்பதே இயலும். நெல்லில் ஈரம் நூற்றுக்குப் பதினான்குக்கு மேற்பட்டு நிற்குமாயின் பூசணம் தழைக்கத் தொடங்கும். தழைக்கும் பூசணம் தன் உயிர்ப்பினால் வெப்பத்தையும் நீரையும் வெளிவிடுகிறது. அந்த நீர் அடுத்த மணிகளை நனைக்கிறது. இவ்வாறு ஒரு கையளவு ஈரம் சில கிழமைகளில் மூட்டையின் நடுவே சூடேறிய கட்டியாகிவிடுகிறது. மூட்டைக்குள் கை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று மூத்தோர் கூறுவது இதனையே.

பூசணங்களுள் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்பது ஒன்று. மஞ்சள் கலந்த பச்சை நிறமுடையது. இது உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில திங்களுக்குள் மடிந்தன. காரணம் தேடிய அறிஞர்கள், அவற்றின் தீவனமாக பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இந்நஞ்சைக் கண்டனர். அதன்பின்னரே உலகம் இதனை அறிந்தது.

இந்தியா இதனைத் துயரத்தோடு அறிந்தது. 1974இன் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா மாவட்டத்திலும் அதனை அடுத்துள்ள குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் பழங்குடி மக்களிடையே மஞ்சள் காமாலை பரவியது. வயிற்றில் நீர் கோத்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அறுவடைக் காலத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் நனைந்த மக்காச்சோளமே அவர்களுடைய அன்றாட உணவு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவன அறிஞர்கள் ஆராய்ந்தபோது, நோயுற்றவர்கள் பல கிழமைகளாக நாள்தோறும் 2 முதல் 6 மில்லிகிராம் வரை அஃப்ளடாக்சின் உண்டிருக்கக்கூடும் என்று கணித்தனர். அவ்வூர்களில் மக்களின் உணவைப் பகிர்ந்துண்ட நாய்களும் அதே நோயால் மடிந்தன. அம்மக்கள் அறியாமல் தம் குழந்தைகளுக்கு அன்போடு பரிமாறிய உணவே அது.

இன்று இந்திய உணவுச் சட்டம் தானியத்திலும் பருப்பிலும் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் அஃப்ளடாக்சின் இருத்தலாகாது என்று வரையறுத்துள்ளது. ஓராயிரம் கிலோ தானியத்தில் 15 மில்லிகிராம் என்பது அதன் பொருள். பான்ஸ்வாடா போன்ற பெருந்துயர் அரிதாகவே நிகழ்கிறது. அறியப்படாமல் நிகழ்வது சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உண்பதனால் வரும் கேடு. இந்நஞ்சு மனிதருக்குக் கல்லீரல் புற்றை உண்டாக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை ஐயமற உறுதிசெய்துள்ளது.

கழுவினாலும் வெந்தாலும் போகாதது

பூசணம் பிடித்த அரிசியைக் கழுவி, வெயிலில் காட்டி, நன்றாக வேகவைத்தால் தீங்கில்லை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. வெயிலும் கொதிநீரும் பூசணத்தை அழிக்கும். அது முன்னரே உமிழ்ந்து வைத்த நஞ்சை அழிக்கமாட்டா. சமையலின் வெப்பத்துக்கு அஃப்ளடாக்சின் பெரும்பாலும் சிதைவதில்லை. மேலே தெரியும் பச்சைப் படலத்தைத் துடைத்தெடுத்தபின் மணி வெண்மையாகத் தோன்றலாம். நஞ்சு அதனுள் தங்கியிருக்கலாம்.

நிலக்கடலையில் இடர் இன்னும் மிகுதி. காய் மண்ணுக்குள் முற்றும் காலத்தில் வறட்சி நேர்ந்தாலும், பறிக்கும்போது ஓடு காயப்பட்டாலும் பூசணம் உள்ளே நுழைகிறது. உடைப்பதற்கு எளிதாகட்டும் என்று காயின்மேல் நீர் தெளிக்கும் பழக்கமும் அதற்கு வழி செய்கிறது. அக்கடலையைச் செக்கில் ஆட்டினால் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். பிண்ணாக்கைத் தின்ற பசு தன் பாலில் அந்நஞ்சின் மாற்றுருவை ஒரு நாளுக்குள்ளேயே வெளியிடுகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது நீங்குவதில்லை. குழந்தைக்குப் புகட்டுவதும் ஜிநாலயத்தில் அபிஷேகத்துக்கு அளிப்பதும் அந்தப் பாலே. தீவனத்தை மாற்றினால் சில நாட்களில் பால் தெளிவடையும் என்பது ஆறுதல். மனிதர் உண்ணத் தகாததை மாட்டுக்கு இடலாம் என்னும் சிக்கனம் வாயில்லா உயிரையும் வருத்தி, வீட்டுக்கே திரும்பி வருகிறது.

முன்னோர் வகுத்த வரம்பு

சுவையும் மணமும் நிறமும் திரிந்த உணவைச் சலிதரசம் என்று பெயரிட்டு விலக்குவது ஜைன ஒழுக்கம். அரைத்த மாவுக்கும் திகம்பர மரபில் கால வரம்பு உண்டு. பனிக்காலத்தில் ஏழு நாள், வேனிலில் ஐந்து நாள், மழைக்காலத்தில் மூன்று நாள். இவற்றுள் மழைக்காலத்துக்கே மிகக் குறுகிய வரம்பு வகுக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. ஈரக்காற்றில் உணவு விரைந்து கெடும், கெட்டதில் நுண்ணுயிர் பெருகும் என்பதை நுண்ணோக்கி தோன்றாத காலத்திலேயே உணர்ந்தவர்கள் வகுத்த ஒழுக்கம் அது.

மாவுக்குக் காட்டும் அந்த விழிப்பை மூட்டைக்கும் காட்டுவதே இன்றைய தேவை. கண்ணும் மூக்கும் தரும் சான்று இன்றியமையாதது. ஆயினும் அது மட்டும் போதாது. மணமும் நிறமும் திரியுமுன்னரே நஞ்சு தோன்றியிருக்கலாம். எனவே, கெட்டபின் கண்டறிவதைக் காட்டிலும் கெடாமல் காப்பதே அறம்.

இதில் அகிம்சை நோக்கமும் அடங்கியுள்ளது. ஈரத் தானியத்தில் வண்டும் அந்துப்பூச்சியும் பெருகும். பெருகியபின் அவற்றைக் கொல்ல மருந்து தேடுவர். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மூட்டைகளுக்கிடையே வைத்த வீட்டில் உறங்குவோருக்கே உயிர்ச்சேதம் நேரக்கூடும். அது வீட்டுப் பயன்பாட்டுக்கு உரியதன்று. நன்கு உலர்ந்து இறுக மூடிய தானியத்தில் பூசணமும் தழைப்பதில்லை, பூச்சியின் பெருக்கமும் குறைகிறது. கொல்ல நேராதபடி முன்கூட்டியே காத்துக்கொள்வது இல்லறத்தார்க்கு உகந்த கொல்லாமை.

செய்ய வேண்டுவன

முதலாவது, அறுத்த நெல்லைக் குவித்து வைக்காமல் அன்றே பரப்புதல். தார்ப்பாயின்மேல் இரண்டு விரல் கனத்துக்கு மிகாமல் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். மாலையில் குவித்து மூடி, பனி நீங்கியபின் மறுநாள் மீண்டும் பரப்ப வேண்டும். நெல்லுக்கு நூற்றுக்குப் பதின்மூன்று, உளுந்துக்குப் பத்து, நிலக்கடலைக்கு எட்டு என்னும் அளவுக்கு ஈரம் குறைந்தால் பல திங்கள் அச்சமின்றி வைக்கலாம். நெல் கொள்முதல் நிலையத்தில் பதினேழு வரை ஏற்கிறார்கள் என்பதனால், அது வீட்டில் சேமிக்கத்தக்க அளவு என்று கொள்ளலாகாது.

இரண்டாவது, ஈரத்தைச் சோதித்தல். ஈரப்பதமானி இல்லாத வீட்டில் உப்புச் சோதனை உதவும். உலர்ந்த கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு தானியமும், நன்கு வறுத்து ஆற்றிய தூளுப்பு இரண்டு கரண்டியும் இட்டு மூடி, சில நிமிடம் குலுக்கிக் கால்மணி நேரம் வைத்தல் வேண்டும். உப்பு சீசாவின் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரம் பதினைந்துக்கு மேல் உள்ளது. மீண்டும் வெயில் வேண்டும். ஒட்டாமல் உதிர்ந்தால் ஈரம் பதினைந்துக்குக் கீழே வந்துவிட்டது என்று அறியலாம். அதன்பின்னும் ஒரு நாள் வெயிலில் இடுவது காப்பு. வில்லியனூரை அடுத்த குரும்பாப்பேட்டையில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. ஐயம் உள்ளோர் அங்குச் சென்று கேட்டறியலாம்.

மூன்றாவது, சூடு ஆறியபின்னரே மூட்டை கட்டுதல். வெயில் சூட்டோடு கட்டினால் இரவில் உள்ளேயே வியர்த்துவிடும். மூட்டையைச் சிமெண்டுத் தரையில் நேரே வைக்காமல் மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்தல் வேண்டும். நன்கு உலர்ந்த தானியமும் மழைக்காலக் காற்றிலிருந்து ஈரத்தை மீண்டும் ஈர்த்துக்கொள்ளும். ஆகையால் ஐப்பசிக்கு முன் அதனை இறுக மூடிய தகரக் கொள்கலத்துக்கு மாற்றுவது நலம். மண்குதிர் வைத்திருப்போர் அதனை ஆண்டுதோறும் வெறுமையாக்கி, வெடிப்புகளை மெழுகி, நன்கு காயவிட்டு நிரப்ப வேண்டும். வேப்பிலையும் நொச்சியும் பூச்சியை விலக்கும்; ஈரத்தைப் போக்கமாட்டா. பச்சை இலையை இட்டால் அதுவே ஈரம் சேர்க்கும். உலர்ந்த இலையே தக்கது.

நான்காவது, புழுக்கும் நெல்லைப் பற்றியது. தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிடுவதனால் நாற்றமும் நுண்ணுயிரும் பெருகுகின்றன. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறையில், ஏறத்தாழ 70 பாகை வெந்நீரில் மூன்று, மூன்றரை மணி நேரமே ஊறுகிறது. எம்முறையில் புழுக்கினாலும் வானம் தெளிந்த நாளைத் தேர்ந்து, உடனே உலர்த்த வேண்டும்.

ஐந்தாவது, கடலையில் சுருங்கியதும் நிறம் மாறியதும் முளைத்ததும் ஓட்டை விழுந்ததுமானவற்றைப் பொறுக்கி நீக்குதல். நஞ்சின் பெரும்பகுதி அத்தகைய சில பருப்புகளிலேயே செறிந்திருக்கும். பேரக்குழந்தைகளை அருகில் இருத்திக்கொண்டு பாட்டிமார் முறத்தில் செய்துவந்த இப்பணியை எந்த இயந்திரத்துக்கும் இளைத்ததாகக் கருத வேண்டா.

இத்தனைக்குப் பின்னும் மூட்டையின் அடியில் பூசணம் தென்படலாம். அப்போது இல்லத்தில் எழும் கேள்வி கடினமானது. உழைத்து விளைந்த அன்னத்தை எறிவது பாவமன்றோ என்று மனம் தயங்கும். சலித்துவிட்டு உண்ணலாமா, வேலையாளுக்குக் கொடுக்கலாமா, அன்னதானக் கூடத்துக்கு அனுப்பலாமா என்று எண்ணம் ஓடும். அவ்வெண்ணத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். தான் உண்ண அஞ்சுவதை இன்னொருவர் கலத்தில் இடுவது தானம் ஆகாது. ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானத்துள், ஆகாரத்தை அளிக்கும் கையே அபயத்தைப் பறித்துவிடலாகாது. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, பூசணம் பிடித்ததை அகற்றி, கால்நடையும் கோழியும் பறவையும் அணுகாதவாறு, கிணற்றுக்குத் தொலைவில் மண்ணில் புதைத்துவிடுதல் தக்கது. அந்த இழப்பு அடுத்த ஆண்டு உலர்த்தும்போது நினைவில் நிற்கட்டும்.

அட்சய திருதியை வேனிற்காலத்தில் வருவதும் இப்பணிக்கு வாய்ப்பானது. சம்பா நெல் இப்போது வீட்டில் இருக்கிறது; வானம் தெளிந்திருக்கிறது; மழைக்கு இன்னும் சில திங்கள் உள்ளன. விழா முடிந்து இல்லம் திரும்புவோர் நாளைக் காலையே குதிரையும் மூட்டையையும் திறந்து, கை விட்டுப் பார்த்து, ஒரு வெயில் காட்டி வைப்பாராக. சிரேயாம்சன் வார்த்த கரும்பின் சாறு சிறு பொருள்தான். தூயதாகவும் முறையாகவும் அளிக்கப்பட்டமையால் அது அட்சயமாயிற்று. தூய களஞ்சியத்திலிருந்து எடுத்து அளிக்கும் ஒரு பிடி அரிசியும் அவ்வாறே ஆகும்.

ஜிநதருமம் ஓங்குக! எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!